“உமி சும்மா கிடைக்கிறது”: எரிபொருள் மாற்றத்துக்கு ஒப்புதல் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: எரிபொருள் மாற்றத் திட்டங்களுக்கு அனுமதியும் மானியமும் வழங்கும் அதிகாரிகள், அவற்றுக்குக் கடன் தரும் வங்கியாளர்கள்.

மதிப்புக்குரியீர்,

வணக்கம். நிலக்கரி, ஃபர்னஸ் ஆயில், இயற்கை எரிவாயு ஆகியவற்றை விட்டு உமி, வைக்கோல், மரச்சில்லு, பெல்லட் (அரைத்து அமுக்கிய சிறு உருளைகள்) போன்ற உயிர்த்திரளுக்கு மாறும் திட்ட அறிக்கைகள் உங்கள் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் ஒரு பக்கம் மட்டும் அச்சில் வார்த்தாற்போல ஒரே மாதிரி இருக்கும். பழைய எரிபொருளின் செலவு ஒரு பத்தியில், புதிய எரிபொருளின் இன்றைய செலவு அடுத்த பத்தியில், மிச்சமாகும் தொகை மூன்றாவதில். கொதிகலன் விலையை அந்த மிச்சத்தால் வகுத்து, போட்ட பணம் இரண்டரை ஆண்டில் திரும்பிவிடும் என்று முடித்திருப்பார்கள். கூட்டல் கழித்தலில் பிழை இருக்காது. ஆனால் இரண்டாவது பத்தியில் இருக்கும் விலை, அந்தக் கொதிகலன் வருவதற்கு முந்தைய விலை. அது வந்த பிறகு அந்த விலை இருக்காது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

எழுதுகிறவர்கள் கொதிகலன் இயக்கத்திலும் எரிபொருள் கொள்முதலிலும் கிடங்கிலும் வேலை பார்ப்பவர்கள். மாற்றம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சரியான அளவில், சரியான இடத்தில் அமைந்த உயிர்த்திரள் ஆலை நன்றாகவே சம்பாதிக்கும். தவறான அளவில் அமைந்தது சுற்றுவட்டாரத்தில் எல்லோருடைய செலவையும் ஏற்றிவிட்டு மூடப்படும்.

ஒரு கொதிகலனை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 10 டன் நீராவி, 10 பார் அழுத்தம், உள்ளே போகும் தண்ணீர் 80 டிகிரி செல்சியஸ். ஒரு கிலோ நீராவிக்கு ஏறத்தாழ 585 கிலோகலோரி வேண்டும், மணிக்கு 58.5 லட்சம் கிலோகலோரி. ஃபர்னஸ் ஆயிலில் கிலோவுக்குச் சுமார் 10,000 கிலோகலோரி, செயல்திறன் 85 சதவீதம் என்று வைத்தால் மணிக்கு 690 கிலோ போதும். நாளுக்கு பதினாறரை டன். ஒரு டேங்கர் லாரியோடு முடிந்தது. அதே நீராவியை உமியில் எடுத்தால், கிலோவுக்கு 3,100 கிலோகலோரி, செயல்திறன் 75 சதவீதம் என்ற கணக்கில் மணிக்கு 2,500 கிலோ, நாளுக்கு 60 டன்.

இதுவரை எல்லா அறிக்கையிலும் இருக்கும். இல்லாதது கன அளவு. அமுக்காத உமி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோதான் பிடிக்கும். 60 டன் உமி 600 கன மீட்டர் இடத்தை அடைக்கும். 60 கன மீட்டர் கூண்டு கட்டிய லாரியில் 6 டன்தான் ஏறும். ஆக ஒரு டேங்கர் வந்த வாசலில் இனி நாளுக்குப் பத்து லாரி. எடைமேடை வேண்டும், மாதிரி எடுக்க ஆள் வேண்டும், இறக்க இடம் வேண்டும், வரிசையில் நிற்கும் வண்டிக்குக் காத்திருப்புக் கூலி வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் வண்டி வராது. பத்து நாள் இருப்பு என்றாலே 6,000 கன மீட்டர் கூரையடியில் போக வேண்டும். உமியில் 15 முதல் 20 சதவீதம் சாம்பல். நாளுக்கு 9 முதல் 12 டன் சாம்பல் வெளியே போயாக வேண்டும். அதில் பெரும்பங்கு சிலிக்கா என்பதால் சிமென்ட், எஃகு ஆலைகள் சில வாங்கும். வாங்க ஆள் இல்லாத இடத்தில் அதைக் கொட்டவும் காசு கொடுக்க வேண்டும். இவ்வளவையும் அந்த மூன்றாவது பத்தியின் மிச்சம்தான் தாங்கியாக வேண்டும்.

பெல்லட்டாக்கினால் கன மீட்டருக்கு 600 முதல் 700 கிலோ வரை பிடிக்கும். வண்டிப் பிரச்சினை தீரும். ஆனால் அரைத்து, அமுக்கி, பெல்லட்டாக்க டன்னுக்கு 80 முதல் 150 யூனிட் மின்சாரம் போகும். மூலப்பொருள் ஈரமாக இருந்தால் உலர்த்தும் செலவு அதற்கும் மேல்.

அடுத்தது ஈரம். எங்கள் அனுபவத்தில் பணம் அதிகம் ஒழுகும் இடம் இதுதான். முற்றிலும் உலர்ந்த மரத்தில் கிலோவுக்கு சுமார் 18.5 மெகாஜூல் வெப்பம். ஈரம் ஏற ஏற இரண்டு வழியில் இழப்பு: மரத்தின் பங்கு குறைகிறது, இருக்கும் தண்ணீரை ஆவியாக்கவும் வெப்பம் செலவாகிறது. 10 சதவீத ஈரத்தில் 16.4 மெகாஜூல், 25 சதவீதத்தில் 13.3, வெட்டிய கையோடு வரும் 50 சதவீத ஈர மரத்தில் வெறும் 8. பத்து சதவீதத்துக்கு விலை பேசி இருபத்தைந்தில் வாங்கினால் டன்னுக்கு 19 சதவீத வெப்பம் போயிற்று. நட்டம் அதோடு நிற்காது. ஈர எரிபொருள் அதிகப் புகைவாயுவை உண்டாக்கும். அதை வெளியே இழுக்கும் விசிறி தன் எல்லையைத் தொட்டுவிடும். 10 டன் கொதிகலன் 8 டன்னில் நின்றுவிடும். நீராவி பற்றாமல் உற்பத்தி குறைவது எரிபொருள் கணக்கில் எங்குமே பதிவாகாது.

இதற்கு விற்பவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எடைக்குக் காசு என்றால் எடைதான் வரும். ஒப்பந்தம் வெப்பத்துக்கு விலை பேச வேண்டும்: டன்னுக்கு இவ்வளவு என்பதை விட்டு, கிகாஜூலுக்கு (ஆயிரம் மெகாஜூல் வெப்பத்துக்கு) இவ்வளவு என்று. மாதிரியை லாரியின் மேலிருந்து எடுக்கக் கூடாது. மேலே காய்ந்ததும் அடியில் நனைந்ததுமாக ஏற்றுவது பழைய வித்தை. இறக்கிய குவியலில் ஐந்தாறு இடத்தில் உள்ளே வெட்டி எடுத்து, கலந்து, நான்காகப் பகிர்ந்து குறைத்து, அடுப்பில் 105 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்த வேண்டும். கையில் பிடித்துக் குத்தும் ஈரமானி வண்டியைத் திருப்பி அனுப்பலாமா என்று பார்க்க உதவும், பில் போட உதவாது. வாரம் ஒருமுறையாவது சாம்பல் சோதனையும் வேண்டும். உயிர்த்திரளுக்கு 550 டிகிரியில் செய்வது முறை. நிலக்கரிக்குச் செய்வதுபோல 815 டிகிரிக்குக் கொண்டுபோனால் சில உப்புகள் ஆவியாகிச் சாம்பல் குறைத்துக் காட்டும். மரச்சில்லில் சாம்பல் 1 சதவீதத்தைச் சுற்றி இருக்க வேண்டியது 5 என்று வந்தால், நீங்கள் விலை கொடுத்து மண் வாங்கியிருக்கிறீர்கள்.

இனி விலைக்கு வருவோம். நிலக்கரிச் சுரங்கம் ஓர் இடத்தில் இருக்கும். வைக்கோல் பரந்து கிடக்கும். இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் மற்ற பொருளாதார விளைவுகள் எல்லாம் கிளைக்கின்றன. 10 மெகாவாட் மின் ஆலை, ஆண்டுக்கு 7,000 மணி நேரம், செயல்திறன் 25 சதவீதம், வைக்கோலில் டன்னுக்கு 14 கிகாஜூல் என்று கொள்வோம். ஆண்டுக்கு 72,000 டன் வேண்டும். ஹெக்டேருக்கு 2 டன் எடுக்கலாம், நிலப்பரப்பில் பாதி அந்தப் பயிர், விளைவிப்போரில் நால்வரில் ஒருவர் விற்பார் என்றால் சதுர கிலோமீட்டருக்கு 25 டன் கிடைக்கும். 2,880 சதுர கிலோமீட்டர் வேண்டும். ஆரம் 30 கிலோமீட்டர். சராசரிச் சாலைத் தொலைவு 26 கிலோமீட்டர் அளவில் வரும்.

ஆலையை நான்கு மடங்காக்கி 40 மெகாவாட் என்று வைத்தால் ஆரம் இரு மடங்கு, 60 கிலோமீட்டர். ஒவ்வொரு டன்னும் இரு மடங்கு தூரம் பயணம் செய்யும். இயந்திரம் பெரிதானால் மெகாவாட்டுக்கு விலை குறையும் என்பது உண்மை. எரிபொருள் தேவை பெரிதானால் டன்னுக்கு விலை ஏறும் என்பதும் உண்மை. நிலக்கரி ஆலைக்குப் பழகிய கண்ணுக்கு முதல் பாதி மட்டும் தெரிகிறது. அதைவிட மோசமானது, அதே வட்டத்துக்குள் இரண்டாவது ஆலைக்கு இன்னொரு துறையோ இன்னொரு வங்கியோ அனுமதி தருவது. இரண்டு அறிக்கைகளும் அதே 72,000 டன்னைத் தன்னுடையது என்று காட்டியிருக்கும். எந்த ஆலைக்கு எந்த வட்டம் என்ற பொதுப் பதிவேடு இல்லாத இடத்தில் இது கட்டாயம் நடக்கும்.

அந்த வைக்கோலும் உமியும் அதுவரை யாருக்கும் வேண்டாதவையாகக் கிடக்கவில்லை. மாட்டுத்தீவனம், கோழிப்பண்ணைப் படுக்கை, காளான் வளர்ப்பு, செங்கல் சூளை, துகள்பலகை ஆலை என்று ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே ஆள் உண்டு. ஆலை வந்ததும் முதலில் அடிபடுவது இலவசமாகவோ சல்லிசாகவோ எடுத்துவந்தவர். அவர்களில் மாடு வைத்திருக்கும் சிறு விவசாயி முதல் ஆள். அவருடைய தீவனச் செலவு உங்கள் அறிக்கையின் எந்தப் பத்தியிலும் வராது. மறுபக்கம், விற்பவருக்குக் கிடைக்கும் புதிய வருமானமும் உண்மையானது. அது உழுபவர் கைக்குப் போகிறதா, இடையில் கட்டி ஏற்றுபவரிடம் நின்றுவிடுகிறதா என்பது பேலர், அதாவது வைக்கோலைக் கட்டாக்கும் இயந்திரம், யாருடையது என்பதைப் பொறுத்தது.

பேலர் கணக்கையும் பார்த்துவிடலாம். 72,000 டன்னை 400 கிலோ கட்டுகளாகக் கட்டினால் 1,80,000 கட்டு. இரண்டு அறுவடை, ஒவ்வொன்றிலும் மழைக்கு முன்னும் அடுத்த உழவுக்கு முன்னும் கிடைக்கும் 25 நாள். நாளுக்கு 3,600 கட்டு. ஓர் இயந்திரம் நாளுக்கு 300 கட்டினாலும் 12 பேலர், அவற்றுக்கு இழுவை டிராக்டர், ஏற்றும் கருவி, லாரி. ஆண்டில் 315 நாள் அவை சும்மா நிற்கும், தவணை நிற்காது. உயிர்த்திரள் வேலைவாய்ப்பு தரும் என்று அறிக்கைகள் சொல்வது சரி; அதில் பெரும்பகுதி 50 நாள் வேலை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுரங்கத்திலும் துறைமுகத்திலும் போகும் வேலையோ ஆண்டு முழுவதும் சம்பளம் வரும் வேலை, பெரும்பாலும் வேறு ஊரில். போகும் 100 வேலையும் வரும் 100 வேலையும் ஒன்றுக்கொன்று ஈடாகாது.

அறுவடை முடிந்ததும் அரை ஆண்டுத் தேவையான 36,000 டன் கிடங்கில் இருக்க வேண்டும். கட்டின் அடர்த்தி கன மீட்டருக்கு 150 கிலோ, அடுக்கு உயரம் 6 மீட்டர் என்றால் அடுக்குகளுக்கே 4 ஹெக்டேர். தீ தாவாமல் இருக்க விடும் இடைவெளியும் வண்டிப் பாதையும் சேர்த்தால் அதைப்போல் இரு மடங்கு. ஆண்டுக்கு ஒரே அறுவடை என்றால் சராசரி இருப்பு அரை ஆண்டு எரிபொருள். வட்டி 10 சதவீதம் என்றால் எரிபொருள் செலவில் 5 சதவீதம் வட்டிக்கே போகும். அழுகலும் உண்டு. ஈர மரச்சில்லுக் குவியல் மாதத்துக்கு 1 முதல் 3 சதவீதம் வரை உலர் எடையை இழக்கும், உள்ளுக்குள்ளே சூடும் ஏறும். முதலில் நுண்ணுயிர்கள் 60, 70 டிகிரி வரை கொண்டுபோகும், அதற்கு மேல் வேதிவினை தானாக எடுத்துக்கொள்ளும். ஈரச் சில்லையும் காய்ந்த சில்லையும் ஒரே குவியலில் போடுவது, லோடரை மேலே ஏற்றி மிதிப்பது, முதலில் வந்ததைக் கடைசியில் எடுப்பது ஆகிய மூன்றும்தான் தீ பிடிக்க வழக்கமான காரணங்கள். 2012 பிப்ரவரியில் இங்கிலாந்தின் டில்பரி மின் நிலையத்தில் பெல்லட் சேமிப்பில் பெருந்தீ ஏற்பட்டது. பெல்லட் கிடங்கில் இன்னொரு ஆபத்தும் உண்டு: அது கார்பன் மோனாக்சைடை வெளியிடும், ஆக்சிஜனை உண்ணும். வாயு அளவி இல்லாமல் ஆள் இறங்கினால் உயிர் போகும். சைலோவில் (உயரமான மூடிய சேமிப்புக் கலனில்) புகை கண்டால் தண்ணீர் அடிக்கக் கூடாது. பெல்லட் உப்பி உள்ளேயே இறுகி நின்றுவிடும். அடியிலிருந்து நைட்ரஜன் செலுத்தும் குழாய் கட்டும்போதே வைத்திருக்க வேண்டும். முதலீட்டைக் குறைத்துக் காட்ட முதலில் வெட்டப்படும் செலவு இதுதான்.

கொதிகலனுக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். வைக்கோலில் பொட்டாசியமும் குளோரினும் அதிகம். பொட்டாசியம் சாம்பலின் உருகுநிலையைக் கீழே இழுக்கும். மணல் படுகைக் கொதிகலனில் மணலின் சிலிக்காவோடு சேர்ந்து பாகுபோல் ஒட்டி, படுகையே கட்டியாகிவிடும். குளோரின், நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர் ஹீட்டர் குழாயில் உப்பாகப் படிந்து உலோகத்தை அரிக்கும். அதைத் தவிர்க்க நீராவி வெப்பநிலையைக் குறைத்து வைப்பார்கள், செயல்திறன் குறையும். மரத்துக்கு வடிவமைத்த கொதிகலனில் மலிவாக வந்தது என்று வைக்கோலைத் தள்ளினால், எரிபொருளில் மிச்சம் பிடித்ததைக் குழாய் மாற்றுவதிலும் நிறுத்த நாட்களிலும் விட வேண்டியிருக்கும். ஆகவே ‘எந்த விவசாயக் கழிவையும் எரிக்கும்’ என்ற வரியைக் கண்டால் அதற்கு வடிவமைப்பாளரின் எழுத்துப்பூர்வ உத்தரவாதம் கேளுங்கள்: குளோரின் எவ்வளவு வரை, சாம்பல் எவ்வளவு வரை என்று எண்ணோடு. பழைய ஆயில் பர்னரைக் கழற்றி விற்கவும் அனுமதிக்காதீர்கள். எரிபொருள் வராத வாரத்தில் ஆலையைக் காப்பது அதுதான்.

உள்ளூர் எரிபொருள் என்றால் உலக விலை ஏற்றத்தாழ்வு நம்மைத் தொடாது என்ற வாதமும் அடிக்கடி வருகிறது. ஓரளவுக்கே அது சரி. 2022-ல் ஐரோப்பாவில் எரிவாயு விலை எகிறியபோது பெல்லட் விலையும் கூடவே எகிறியது. எரிவாயுவைக் கைவிட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் விறகுக்கு வந்தார்கள், ரஷ்யப் பெல்லட் வரத்தும் தடைப்பட்டது. தூரத்துக்குக் கொண்டுபோக முடியாத உமியும் வைக்கோலும் இதிலிருந்து ஓரளவு தப்பும். பெல்லட் கப்பலேறும் பொருள். அதன் விலையும் கப்பலேறும். ‘பணம் ஊருக்குள்ளேயே சுற்றும்’ என்பதும் இப்படித்தான். யார்க்‌ஷயரின் டிராக்ஸ் மின் நிலையம் ஆறு அலகுகளில் நான்கை உயிர்த்திரளுக்கு மாற்றியது. பெல்லட்டின் பெரும்பகுதி வட அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வருகிறது. ஸ்வீடனின் வெக்‌ஷோ நகரமோ சுற்றுக் காடுகளின் மரக்கழிவை எரித்து வீடுகளுக்கு வெந்நீர் அனுப்புகிறது. இரண்டையும் உயிர்த்திரள் என்ற ஒரே பெயரில் அழைத்தாலும் பணம் போகும் திசை வேறு.

மானியம் வகுப்போர் கவனத்துக்கு ஒன்று. ஸ்வீடன் 1991-ல் கார்பன் வரி போட்டது. புதைபடிவ எரிபொருள் விலை ஏறியது; மரக்கழிவு தானாகப் போட்டியில் வென்றது; வெப்பத்தை வீணாக்கினால் லாபம் என்ற நிலை யாருக்கும் இல்லை. வட அயர்லாந்து 2012 நவம்பரில் உயிர்த்திரள் கொதிகலன்களுக்கு வெப்ப யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை அறிவித்தது. தொகை எரிபொருள் செலவைவிட அதிகமாக இருந்தது, உச்சவரம்பும் இல்லை. பிரிட்டனின் மற்றப் பகுதிகளில் ஆண்டுக்கு 1,314 மணி நேரத்துக்குமேல் தொகை குறையும் என்ற அடுக்கு இருந்தது. வட அயர்லாந்தில் அது விடுபட்டுப்போனது. எரிக்க எரிக்கக் காசு என்றானது. 2016 பிப்ரவரியில் திட்டத்தை மூடினார்கள், 2017 ஜனவரியில் அந்த விவகாரத்தோடு ஆட்சியே கவிழ்ந்தது. ஆகவே கொடுப்பதானால் மூலதனத்துக்குக் கொடுங்கள், கிடங்குக்கும் உலர்த்திக்கும் சோதனைக் கூடத்துக்கும் கொடுங்கள். எரித்த அளவுக்குக் கொடுப்பதென்றால் அடுக்கும் வரம்பும் முதல் நாளே இருக்கட்டும். இழக்கப்போகும் எரிபொருள் வரியையும், நாளுக்குப் பத்துப் பதினைந்து லாரி ஓடும் கிராமச் சாலையின் பராமரிப்பையும் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று நிதித்துறையை இப்போதே கேட்டுவிடுங்கள்.

மண்ணிடம் வாங்கும் கடனும் கணக்கில் வர வேண்டும். ஒரு டன் நெல் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ நைட்ரஜனும், 14 முதல் 20 கிலோ பொட்டாஷும் உண்டு. அந்த 72,000 டன்னோடு ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் பொட்டாஷ் வயலை விட்டுப் போகிறது. சாம்பலைத் திருப்பிக் கொடுத்தால் பொட்டாஷ் திரும்பும், நைட்ரஜன் புகைபோக்கி வழியே போனது போனதுதான். (வயலிலேயே கொளுத்தினாலும் நைட்ரஜன் போகும், அங்கே ஆலைக்கு எடுப்பது புதிய நட்டம் இல்லை.) சாம்பலைச் சிமென்ட் ஆலைக்கு விற்று வரும் வருமானத்தைக் காட்டும் அறிக்கை, விவசாயி அதற்கு ஈடாக வாங்கப்போகும் உரத்தைக் காட்டுவதில்லை.

கார்பன் வரவை, அதாவது உமிழ்வைக் குறைத்ததற்காகக் கிடைக்கும் வருமானத்தை, நம்பிக் கடன் கொடுப்பவர்களும் கவனியுங்கள். ஐபிசிசி (காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளுக்கிடையிலான குழு) அளவுகோலின்படி ஒரு டெராஜூல் (ஆயிரம் கிகாஜூல்) வெப்பத்துக்கு மரம் 112 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியிடும். நிலக்கரி 95 டன் அளவில், இயற்கை எரிவாயு 56. புகைபோக்கியில் மரம்தான் அதிகம். அது பூஜ்யமாக எழுதப்படுவது, அந்தக் கார்பன் நிலப் பயன்பாட்டுக் கணக்கில் வேறிடத்தில் பதிவாகும் என்ற ஏற்பாட்டால். எப்படியும் மக்கியோ எரிந்தோ போகும் கழிவுக்கு அது நியாயம். நின்ற மரத்தை வெட்டி எரித்தால் திரும்ப வளரப் பல பத்தாண்டு ஆகும். உங்கள் கடனோ பத்தாண்டில் முடியும். விதி மாறினால் வரவு நின்றுவிடும். கார்பன் வருமானத்தை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் தவணை கட்ட முடிகிறதா என்று தனியே ஒரு கணக்குக் கேளுங்கள்.

எனவே எங்கள் வேண்டுகோள். அறிக்கையில் இன்றைய விலைக்குப் பக்கத்தில், எரிபொருள் விலை ஒன்றரை மடங்கானால் என்ன ஆகும் என்ற பத்தியும் இருக்கட்டும். 50 கிலோமீட்டர் வட்டத்துக்குள் ஏற்கெனவே யார் யார் வாங்குகிறார்கள், எவ்வளவு என்ற பட்டியலை வரைபடத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். தேவையில் பாதியாவது மூன்றாண்டு ஒப்பந்தத்தில், வெப்ப அளவில் விலை பேசி, கையெழுத்தாகியிருக்கட்டும். அந்த விலை டீசல் விலையோடும் கூலியோடும் எப்படி ஏறி இறங்கும் என்ற சூத்திரமும் அதிலேயே இருக்கட்டும். ஏறாத விலைக்கு ஒப்புக்கொண்டவர் இரண்டாவது அறுவடையில் வண்டி அனுப்ப மாட்டார், வழக்குப் போட்டும் கொதிகலன் எரியாது. கடனின் முதல் தவணையைக் கொதிகலன் வாங்க விடாதீர்கள். எடைமேடை, கிடங்கு, உலர்த்தும் அடுப்போடு ஒரு சோதனைக் கூடம் ஆகியவை முதலில் எழும்பட்டும். ஓர் அறுவடையை வாங்கி, அளந்து, அடுக்கி வைத்துப் பார்க்கட்டும். அந்தப் பருவத்தில் உண்மையில் வந்து சேர்ந்த டன்னையும் ஈரத்தையும் விலையையும் வைத்துக் கொதிகலனின் அளவைத் தீர்மானியுங்கள்.

இப்படிக்கு,
கொதிகலன் கூடத்திலும் எரிபொருள் கிடங்கிலும் பணிபுரிவோர்